பொறியியல் கல்லூரியின் பொதுப் பட்டறை: சாவி யாரிடம்?

உங்கள் கேள்வியைச் சுருக்கமாகத் திரும்பச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். ஒரு பல்கலைக்கழகத்தின் பொறியியல் கல்லூரியில் ஆசிரியராக இருக்கிறீர்கள். பயன்பாடு குறைந்துபோன பழைய பணிமனைக் கூடம் ஒன்றை எல்லாத் துறை மாணவர்களுக்கும் பொதுவான இடமாக மாற்ற முன்னாள் மாணவர்கள் ஒரு கோடி ரூபாய் தர முன்வந்திருக்கிறார்கள். எந்தெந்த இயந்திரங்களை வாங்கலாம், கூடத்தை எப்படிப் பிரிக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசி வரியில், உங்களுக்குத் தெரிந்த வேறொரு கல்லூரியில் இதேபோலத் திறந்த கூடம் இரண்டே ஆண்டில் பூட்டிக் கிடப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கடைசி வரியில்தான் உங்கள் உண்மையான கேள்வி இருக்கிறது என்று நினைக்கிறேன். திறப்பு விழா முடிந்து ஐந்து ஆண்டுகள் கழித்தும் அந்தக் கதவு திறந்திருக்க என்ன செய்ய வேண்டும் என்பதே அது. அதற்கு முதலில் பதில் சொல்லிவிட்டு, இயந்திரங்களுக்குப் பிறகு வருகிறேன்.

நான் இயந்திரவியல் படித்தவன். தமிழ்நாட்டில் ஒரு பொறியியல் கல்லூரியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்து, அதில் பாதிக் காலத்துக்கும் மேலாகப் பணிமனைக் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றேன். அதன்பின் இப்படிப்பட்ட பொதுக்கூடங்களை அமைக்க முயன்ற சில கல்லூரிகளுக்கு ஆலோசனை சொல்லியிருக்கிறேன். இரும்பும் மரமும் என் கை பழகியவை; மின்னணுப் பகுதியைப் பற்றி நான் சொல்பவை உடன் பணியாற்றியவர்களிடம் கற்றவை. ஆகவே அவற்றை உங்கள் துறை நண்பர்களிடம் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இயந்திரம் இல்லாததால் பூட்டப்பட்ட பொதுக்கூடம் எதையும் நான் பார்த்ததில்லை. நம் கல்லூரிகளில் முதலாண்டு மாணவர் செய்முறை ஆய்வகத்துக்காகப் பணிமனைக்குள் வருகிறார். தகரத்தில் ஒரு புனல், மரத்தில் ஒரு டி இணைப்பு, இரும்பில் ஒரு வி ஃபிட்டிங், வெல்டிங்கில் ஒரு பட் ஜாயின்ட் என்று செய்து, ரெகார்டு நோட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போகிறார். இயந்திரவியல், உற்பத்தித் துறைகளைச் சேர்ந்தவர்களைத் தவிர மற்றவர்கள் அதற்குப் பிறகு அந்தக் கட்டடத்துக்குள் கால் வைப்பதே இல்லை. மூன்றாம் ஆண்டில் ஒரு மின்னணுத் துறை மாணவி தன் கருவிக்கு ஒரு அலுமினியப் பெட்டி செய்ய வேண்டும் என்று வந்து நின்றால், அவரை உள்ளே விடுவதற்கு ஏற்பாடு எதுவும் கிடையாது. துறைத்தலைவரின் கடிதம் வேண்டும், கண்காணிப்பாளரின் ஒப்புதல் வேண்டும், ஆய்வக உதவியாளருக்கு அந்த நேரத்தில் வேறு வகுப்பு இருக்கக் கூடாது. இவை எல்லாம் கூடிவருவதற்குள் அவர் வெளியே ஒரு லேத் பட்டறையில் காசு கொடுத்துச் செய்துகொண்டு போய்விடுவார்.

இந்தக் கெடுபிடியை ஊழியர்களின் மனக்குறுக்கம் என்று பலர் சொல்வார்கள். அது நியாயமில்லை. எங்கள் கல்லூரியில் மாணவர்களுக்குத் தாராளமாகக் கருவிகளைக் கொடுத்துவந்த ஓர் ஆய்வக உதவியாளர் ஓய்வு பெறும் வேளையில் ஸ்டாக் ரிஜிஸ்டரைச் சரிபார்த்தார்கள். இரண்டு வெர்னியர் காலிப்பர், சில டேப் செட்டுகள், ஒரு டிரில் சக், கணக்கில் வராத அரங்கள் என்று குறைந்த பொருள்களின் மதிப்பை அவருக்குச் சேர வேண்டிய தொகையிலிருந்து பிடித்துக்கொண்டார்கள். நான் தடுக்க முயன்றேன், முடியவில்லை. அதற்கு அடுத்த வாரத்திலிருந்து பணிமனையின் எல்லா அலமாரிகளிலும் பூட்டுத் தொங்கியது. அந்தப் பூட்டுகளில் ஒன்றின் சாவி என்னிடம்தான் இருந்தது. கருவி தொலைந்தால் தன் சம்பளம் போகும் என்ற நிலையில் இருக்கும் எந்த மனிதரும் கதவைத் திறந்து வைக்க மாட்டார். உங்கள் கூடத்துக்கு ஒரே ஒரு விதி எழுத முடியும் என்றால் இதை எழுதுங்கள்: குறிப்பிட்ட விலைக்குட்பட்ட கைக்கருவிகள் அனைத்தும் நுகர்பொருள் (பயன்படுத்தித் தீரும் பொருள்) பதிவேட்டில் சேரும், ஆண்டுக்கு இவ்வளவு விழுக்காடு தேயும், உடையும், தொலையும் என்று முன்கூட்டியே ஒப்புக்கொண்டு, அந்த அளவைக் கேள்வியின்றித் தள்ளுபடி செய்வதாக நிதிக்குழு தீர்மானம் நிறைவேற்றும். இந்தத் தீர்மானத்தின் நகலைக் கையில் வாங்காமல் ஒரு சுத்தியல்கூட வாங்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

பொதுச் சொத்து என்றால் அழிந்துதான் போகும் என்று உங்கள் குழுவில் யாராவது நிச்சயம் சொல்வார். 1968-இல் காரெட் ஹார்டின் என்ற அமெரிக்க உயிரியலாளர் எழுதிய ஒரு கட்டுரை அந்தக் கருத்தை உலகம் முழுவதும் பரப்பியது. பொது மேய்ச்சல் நிலத்தில் ஒவ்வொருவரும் தன் மாட்டை ஒன்று கூட்டிக்கொண்டே போனால் புல்லே மிஞ்சாது என்பது அவர் வாதம். ஆனால் எலினோர் ஆஸ்ட்ரம் என்ற அறிஞர் மேய்ச்சல் நிலம், மீன்பிடி நீர்நிலை, காடு, பாசனம் என்று உண்மையான பொதுவளங்களை நேரில் ஆராய்ந்து, பல இடங்களில் மக்கள் அவற்றைத் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றி வந்திருப்பதைக் காட்டினார். அந்தப் பணிக்காக 2009-இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்றார். அந்தப் பரிசைப் பெற்ற முதல் பெண் அவர். நிலைத்து நின்ற இடங்களில் அவர் கண்ட பொதுத்தன்மைகள் சில உண்டு. யார் யாருக்கு உரிமை என்பது தெளிவாக இருக்கும். வளத்தைப் பயன்படுத்துவோரே விதிகளைத் திருத்த முடியும். கண்காணிப்பவர் அவர்களுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவராக இருப்பார். தவறு செய்தவருக்கு முதல்முறை சிறிய தண்டனையும் மீண்டும் செய்தால் பெரிய தண்டனையும் இருக்கும். சச்சரவைச் செலவில்லாமல் விரைவில் தீர்த்துக்கொள்ள ஓர் இடம் இருக்கும்.

தமிழ்நாட்டு ஏரிப் பாசனத்தை அறிந்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. மடையைத் திறந்து மூடவும், எந்த வயலுக்கு எவ்வளவு நேரம் தண்ணீர் என்று முறைவைத்துப் பாய்ச்சவும் நீர்க்கட்டி என்று ஒருவர் பல ஊர்களில் இருந்தார். அறுவடையில் ஒரு பங்கு அவருக்குக் கூலி. அந்த ஏரியின் பாசனப் பரப்பான ஆயக்கட்டில் நிலம் இல்லாதவராக இருப்பதே பல இடங்களில் அவரது தகுதியாகக் கருதப்பட்டது. தன் வயல் என்று ஒன்று இல்லாததால் அவர் யார் பக்கமும் சாய வேண்டியதில்லை. அந்தப் பணி பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதியினர்மேல் சுமத்தப்பட்டிருந்தது என்பதையும், அதில் இருந்த அநீதியையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆயினும் அந்த ஏற்பாட்டுக்குள் இருந்த ஓர் உண்மை பொறியியல் கல்லூரிக்கும் பொருந்துகிறது. பொதுக்கூடத்தை ஒரு துறையிடம் ஒப்படைத்தால், மூன்றே ஆண்டில் அது அந்தத் துறையின் ஆய்வகமாகிவிடும். இதை நான் இரண்டு கல்லூரிகளில் கண்ணால் பார்த்தேன். எந்தத் துறைத்தலைவருக்கும் கீழ்ப்படாமல், நேரடியாக முதல்வரின் அல்லது டீனின் பொறுப்பில், முழுநேரமும் அந்தக் கூடத்துக்காக மட்டுமே இருக்கும் ஒருவர் வேண்டும். ஐ.டி.ஐ. படித்து, பட்டறையில் பத்து ஆண்டு வேலை செய்து, மாணவர்களோடு பொறுமையாகப் பேசத் தெரிந்த ஒருவர் போதும். முனைவர் பட்டம் தேவையில்லை.

ஆகவே பணத்தைப் பற்றி என் பரிந்துரை உங்களுக்கு வியப்பாக இருக்கலாம். ஒரு கோடியில் அறுபது லட்சத்தை வைப்பு நிதியாக வைத்துவிடுங்கள். ஆறரை விழுக்காடு வட்டி என்று கொண்டால் ஆண்டுக்கு 3 லட்சத்து 90 ஆயிரம், அதாவது மாதம் 32,500 ரூபாய் வரும். ஒரு நல்ல தொழில்நுட்பரின் தொடக்கச் சம்பளத்துக்கு அது ஏறக்குறைய ஈடாகும். வட்டி விகிதம் இறங்கலாம், சம்பளம் ஏறும். எனவே கல்லூரியும் ஒரு பங்கு தர ஒப்புக்கொள்ள வேண்டும். எஞ்சிய நாற்பது லட்சத்தில் பாதியை முதலாண்டிலும், மீதியை என்ன தேவை என்று தெரிந்தபின் மூன்றாம் ஆண்டிலும் செலவிடலாம். நன்கொடையாளர்கள் தங்கள் பெயர் பொறித்த இயந்திரத்தைப் பார்க்க விரும்புவார்கள் என்பது உண்மைதான். ஆனால் அவர்களும் மாணவர்களாக இருந்தவர்கள். பூட்டிய கதவுக்கு முன் நின்ற அனுபவம் அவர்களுக்கும் இருக்கும். அதை நினைவூட்டிப் பேசினால் கேட்பார்கள். நான் பேசிய இரு இடங்களில் கேட்டார்கள்.

பிற இடங்களின் அனுபவத்திலிருந்து எதைக் கொண்டுவரலாம், எதைக் கொண்டுவர முடியாது என்பதையும் பிரித்துப் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தின் ஹாபி ஷாப் என்ற பொதுப் பட்டறை 1938-இல் மாணவர் குழு ஒன்றின் முயற்சியில் தொடங்கி இன்றும் நடக்கிறது. அதே நிறுவனத்தில் 1943-இல் போர்க்காலத் தேவைக்காக மரத்தால் அவசரமாகக் கட்டிய இருபதாம் எண் கட்டடம், தற்காலிகம் என்று சொல்லப்பட்டே 1998-இல் இடிக்கப்படும் வரை நின்றது. மொழியியலாளர்களும் மின்னணுப் பொறியாளர்களும் மாதிரி ரயில் கழக மாணவர்களும் அதில் அடுத்தடுத்த அறைகளில் இருந்தார்கள். சுவரில் துளையிடவோ கம்பி இழுக்கவோ யாரையும் கேட்க வேண்டியதில்லை என்பதையே அங்கே வேலை செய்தவர்கள் அதன் சிறப்பாகச் சொன்னார்கள். ஹூஸ்டனில் ரைஸ் பல்கலைக்கழகம் 2009-இல் தன் பழைய மையச் சமையற்கூடத்தைப் பொறியியல் மாணவர்களுக்கான வடிவமைப்புக் கூடமாக மாற்றியது. அதன் பெயரில் இன்றும் சமையலறை என்ற சொல் இருக்கிறது. பழைய கட்டடம் என்று நீங்கள் தயங்கியிருப்பது போலத் தெரிந்தது, தயங்க வேண்டாம். மெருகேறிய தரையும் கண்ணாடிச் சுவரும் உள்ள அறையில் மாணவர்கள் துளையிடப் பயப்படுவார்கள். எண்ணெய்க் கறை படிந்த சிமென்ட் தரை ஒரு வசதி.

அட்லாண்டாவில் ஜார்ஜியா டெக்கின் இன்வென்ஷன் ஸ்டூடியோ 2009-இல் தொடங்கியது. அங்கே கூடத்தை நடத்துபவர்கள் மாணவத் தன்னார்வலர்கள். வாரத்தில் சில மணி நேரம் பிறருக்கு இயந்திரங்களைப் பழக்கிக் கொடுப்பவருக்கு, எந்நேரமும் உள்ளே வரும் உரிமை கைம்மாறாகக் கிடைக்கிறது. இந்தக் கொடுக்கல் வாங்கல் நேர்மையானது. காசு புழங்காமல் ஒரு பொறுப்பை வாங்கித் தருகிறது. நம் பக்கத்தில் சென்னை ஐ.ஐ.டி.யின் புத்தாக்க மையம் 2008-இல் 1981-ஆம் ஆண்டு மாணவர்களின் நன்கொடையில் உருவாகி, மாணவர்களாலேயே நடத்தப்பட்டு, 2022-இல் புதிய கட்டடத்துக்குப் போனது. பந்தயக் காரும் சூரிய ஆற்றல் காரும் குழாய்க்குள் அதிவேகமாக ஓடும் ஹைப்பர்லூப் வண்டி முயற்சியும் அங்கே வளர்ந்தன. தமிழ்நாட்டில் யார் பொதுக்கூடம் பற்றிப் பேசினாலும் அதைத்தான் உதாரணம் காட்டுகிறார்கள்.

ஆனால் இந்த உதாரணத்தை அப்படியே பெயர்த்து எடுத்துவந்து வைத்ததால்தான் சில கூடங்கள் காலியாயின என்று நான் நினைக்கிறேன். ஐ.ஐ.டி. மாணவர்கள் ஏறக்குறைய எல்லோரும் வளாகத்திலேயே தங்கிப் படிப்பவர்கள். இரவு இரண்டு மணிக்குச் சைக்கிளில் வந்து வேலை செய்ய அவர்களால் முடியும். உங்கள் கல்லூரியில் பாதிக்கு மேற்பட்டவர்கள் தினமும் வந்து போகிறவர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். கல்லூரிப் பேருந்து நான்கரை மணிக்குக் கிளம்பிவிட்டால் அவர்களுக்கு உங்கள் கூடம் இல்லாததற்குச் சமம். விடுதியில் இருக்கும் பெண்களுக்கோ மாலை ஆறரை, ஏழு மணிக்குள் உள்ளே வர வேண்டும் என்ற கட்டுப்பாடு பல கல்லூரிகளில் இன்னும் இருக்கிறது. ஆக, 'மாலை ஐந்து முதல் பத்து வரை' என்று பலகை வைத்தால் அந்தக் கூடம் ஆண்கள் விடுதி மாணவர்களுக்கான கூடம்; பலகையில் எல்லோருக்கும் என்று எழுதியிருந்தாலும் அப்படித்தான். ஏரியில் தண்ணீர் நிறைய இருந்தும் கடைமடைக்குப் போய்ச் சேராதது போல இது. இதற்கு நான் கண்ட வழி மூன்று பகுதிகளைக் கொண்டது. மதிய உணவு இடைவேளை உட்படப் பகல் முழுவதும் கூடம் திறந்திருக்க வேண்டும். வாரத்தில் ஒரு பிற்பகல் எல்லாத் துறைகளுக்கும் ஒரே நேரத்தில் வகுப்பில்லாமல் கால அட்டவணையில் ஒதுக்க வேண்டும். வாரத்துக்கு இரண்டு நாளாவது ஆறரை மணிக்கு ஒரு கடைசிப் பேருந்து விட வேண்டும். அதற்கேற்ப விடுதி நேரமும் அந்த நாள்களில் தளர வேண்டும். இவற்றுள் பேருந்துதான் கடினமானது. அதற்கு நிர்வாகத்தோடு பலமுறை பேச வேண்டியிருக்கும்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். பழைய பணிமனைகளில் பெரும்பாலும் ஆண்களுக்கு மட்டுமே கழிப்பறை கட்டியிருப்பார்கள், ஏனென்றால் கட்டிய காலத்தில் இயந்திரவியலில் பெண்களே இல்லை. ஒரு கல்லூரியில் மாணவியர் ஏன் கூடத்துக்கு வருவதில்லை என்று ஆர்வமூட்டும் கூட்டங்களெல்லாம் நடத்திக்கொண்டிருந்தார்கள். கழிப்பறைக்கு அவர்கள் அடுத்த கட்டடத்தின் இரண்டாம் மாடிக்குப் போக வேண்டியிருந்தது என்பதை ஒரு மாணவி எழுதிக் கொடுத்த பிறகுதான் நாங்கள் கவனித்தோம். உங்கள் நாற்பது லட்சத்தில் முதல் செலவு, வெளிச்சமும் தண்ணீரும் தாழ்ப்பாளும் ஒழுங்காக உள்ள பெண்கள் கழிப்பறையாக இருக்கட்டும்.

பாதுகாப்பில் எனக்கு ஐயம் எதுவும் இல்லை. இங்கே சொல்பவை அனைத்தும் உறுதியானவை. 2011 ஏப்ரலில் யேல் பல்கலைக்கழகத்தின் வேதியியல் கட்டடத்தில் இருந்த பட்டறையில் இரவில் தனியாக லேத்தில் வேலை செய்துகொண்டிருந்த மாணவி ஒருவர், தலைமுடி இயந்திரத்தில் சிக்கி உயிரிழந்தார். இயற்பியல் படித்துப் பட்டம் பெறும் தறுவாயில் இருந்தவர். சுழலும் இயந்திரத்துக்கு அருகில் ஒருவர் தனியாக இருக்கக் கூடாது. விசையை அணைக்க இன்னொரு கை எப்போதும் வேண்டும். நம் ஊரில் நான் கூடுதலாகப் பார்த்த ஆபத்துகள் துப்பட்டா, மணிக்கட்டில் கட்டியிருக்கும் கோயில் கயிறு, கழுத்துச் சங்கிலி, முழுக்கை மடிப்பு, லேத்தில் வேலை செய்யும்போது போட்டுக்கொள்ளும் கையுறை ஆகியவை. கையுறை பாதுகாப்பு என்று மாணவர்கள் நினைக்கிறார்கள். சுழலும் இயந்திரத்தில் அது கையை உள்ளே இழுத்துவிடும். வேலைப்பொருளைப் பிடிக்கும் சக்கில், அதை இறுக்கும் சாவியை விட்டுவிட்டு விசையைப் போடுவதும் அதே போல ஆபத்தானது. கோயில் கயிற்றைக் கழற்றச் சொல்வது சிலருக்கு மனவருத்தம் தரும். அதைப் புரிந்துகொண்டு மென்மையாகப் பேசுங்கள். கழற்ற விரும்பாதவருக்கு அன்று லேத்தைத் தவிர மற்ற வேலைகளைக் கொடுங்கள். விதியைத் தளர்த்த வேண்டாம்.

இதன்படி கூடத்தை இரண்டாகப் பிரிப்பது நல்லது. லேத், மில்லிங், மர ரம்பம், கிரைண்டர், வெல்டிங் ஆகியவை கம்பிவலைத் தடுப்புக்குள் இருக்கட்டும். பயிற்சி பெற்றுக் கையெழுத்திட்டவர் மட்டும், பொறுப்பாளர் இருக்கும் நேரத்தில் மட்டும் அங்கே நுழையலாம். மேசைகள், கைக்கருவிகள், சால்டரிங் இடம், முப்பரிமாண அச்சுப்பொறி ஆகியவை தடுப்புக்கு வெளியே, கூடம் திறந்திருக்கும் நேரமெல்லாம் எல்லோருக்கும் கிடைக்கட்டும். மரத்தூளும் கிரைண்டர் பொடியும் மின்னணு மேசைக்கு வரக் கூடாது. இரும்புப் பொடி மின்சாரத்தைக் கடத்தும், சர்க்யூட் போர்டில் விழுந்தால் குறுக்குச்சுற்று உண்டாகும். லேசர் வெட்டுக்கருவி வாங்கினால் புகையை வெளியேற்றும் குழாய் கட்டடத்துக்கு வெளியே போயாக வேண்டும். அதில் பி.வி.சி. வெட்டக் கூடாது என்று பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள்; அதிலிருந்து கிளம்பும் ஹைட்ரஜன் குளோரைடு நுரையீரலையும் கருவியையும் ஒருசேர அரிக்கும். லித்தியம் பேட்டரிகளை ஆள் இல்லாத இரவில் சார்ஜில் விட்டுப் போகக் கூடாது. கடற்கரைக்கு அருகில் இருப்பதாக எழுதியிருந்தீர்கள். அச்சுப்பொறிக்கான நைலான் இழை அந்தக் காற்றில் சீக்கிரம் ஈரத்தை இழுத்துக்கொண்டு அச்சைக் கெடுக்கும். மூடி இறுகிய பெட்டியில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள். பழைய கட்டடம் என்பதால் எர்த்திங்கை உரிமம் பெற்ற மின்பணியாளர் ஒருவரைக் கொண்டு சோதித்துவிட்டு, அதன்பின் மூன்று ஃபேஸ் இணைப்புகளைத் திட்டமிடுங்கள்.

வாங்குவது பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. நல்ல பெஞ்ச் வைஸ் பத்து, கைக்கருவிகள் நிறைய, ஒரு பில்லர் டிரில்லிங் மெஷின், இப்போதிருக்கும் லேத்துகளில் இரண்டைப் பழுது பார்த்தல், நடுத்தர விலையில் மூன்று அச்சுப்பொறிகள், ஒரு லேசர் வெட்டுக்கருவி, சால்டரிங் நிலையங்கள், இரண்டு ஆசிலோஸ்கோப் ஆகியவை தொடக்கத்துக்குப் போதும். விலை உயர்ந்த ஒற்றை அச்சுப்பொறியைவிட, உதிரிப்பாகம் கோயம்புத்தூரிலோ சென்னையிலோ மறுநாளே கிடைக்கிற மூன்று சாதாரணக் கருவிகள் மேல். அவற்றில் ஒன்று பழுதானாலும் வேலை நிற்காது. பழுது பார்ப்பதே மாணவர்களுக்கு ஒரு பாடமாகும். கருவிகளை அலமாரிக்குள் வைக்காமல், ஒவ்வொரு கருவியின் வடிவத்தையும் வண்ணத்தில் வரைந்த பலகையில் மாட்டுங்கள். மாலையில் எது திரும்பவில்லை என்று தூரத்திலிருந்தே தெரியும். யாரையும் சந்தேகப்பட்டுக் கேட்க வேண்டிய அவசியம் வராது.

இயந்திரங்களைவிட எனக்கு மிகவும் பிடித்தது கடன் அலமாரி. முதலாண்டில் வாங்கும் மினி டிராஃப்டர் என்ற வரைகருவி, வரைபலகை, காக்கி உடுப்பு, தோல் ஷூ, ஆய்வகக் கோட்டு, கால்குலேட்டர் ஆகியவற்றுள் பல ஓரிரு பருவங்களுக்குப் பிறகு பயன்படுவதே இல்லை. சீனியர் ஜூனியருக்குக் கொடுப்பது என்பது எல்லாக் கல்லூரிகளிலும் உள்ள நல்ல வழக்கம்தான். ஆனால் அது அறிமுகம் உள்ளவர்களுக்கே கிடைக்கிறது; குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வரும் மாணவருக்கு அந்தச் சீனியரைத் தெரியாது, கேட்கவும் கூச்சமாக இருக்கும். எங்கள் பணிமனையின் ஒரு மூலையில், போகிறவர்கள் வைத்துவிட்டுப் போகவும் வருகிறவர்கள் பெயர் எழுதி எடுத்துக்கொள்ளவும் ஓர் அலமாரி வைத்தோம். பூட்டு இல்லாத அலமாரி அது ஒன்றுதான். நான்கு ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது வைத்ததைவிட அதிகமான டிராஃப்டர்கள் அதில் இருந்தன. பணிமனைப் பக்கம் வரக் காரணமே இல்லாத கட்டடவியல், கணினித் துறை மாணவர்களை அந்தக் கூடத்துக்கு முதன்முதலில் அழைத்துவந்ததும் அந்த அலமாரிதான்.

இனி ஐயத்துக்குரியவை. இப்படிப்பட்ட கூடங்களால் வேலைவாய்ப்பு கூடும் என்று திட்ட அறிக்கைகளில் எழுதுவார்கள். கூடத்தில் நிறைய நேரம் செலவிட்ட மாணவர்கள் நல்ல நிலைக்கு வந்ததை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் ஆர்வமும் முனைப்பும் உள்ளவர்களே கூடத்துக்கு வருகிறார்கள்; கூடம் இல்லாவிட்டாலும் அவர்கள் முன்னேறியிருக்கக்கூடும். என் அனுபவத்தை வைத்து இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியாது, ஆகவே நன்கொடையாளர்களுக்கு அப்படி ஒரு வாக்குறுதி கொடுக்காதீர்கள். மாணவர்களே முழுதும் நடத்தலாமா என்பதிலும் எனக்குத் தயக்கம் உண்டு. பருவத் தேர்வும் வேலைவாய்ப்பு நேர்காணலும் நெருங்கினால் தன்னார்வலர்கள் மறைந்துவிடுவார்கள். அந்த வாரங்களில்தான் இறுதியாண்டுச் செயல்திட்டக்காரர்களின் கூட்டமும் அதிகம். பொறுப்பாளர் ஒருவர், அவருக்குக் கீழே தன்னார்வ மாணவர்கள் என்ற கலப்பு முறையே எங்களுக்குச் சரிவந்தது; வேறு இடத்தில் வேறு விதமாகவும் அமையலாம். கட்டணம் வாங்கலாமா என்று கேட்டால், மூலப்பொருளுக்கு அடக்க விலை வாங்கலாம், நேரத்துக்கு வாங்கக் கூடாது என்பேன். இது என் கருத்துதான். எதிர்க்கருத்து கொண்ட நல்ல நிர்வாகிகளும் உண்டு.

பொது இடத்தை வெளியாள் யாரும் வந்து பிடித்துக்கொள்வதில்லை. பாஹா, ஃபார்முலா போன்ற வாகனப் போட்டிகளுக்குத் தயாராகும் நம் மாணவர் அணிகளே பிடித்துக்கொள்ளும். அவர்கள் உழைப்பில் குறையே சொல்ல முடியாது. கல்லூரிக்குப் பேரும் வாங்கித் தருகிறார்கள். ஆனால் ஒரு வாகனச் சட்டகம் எட்டு மாதம் கூடத்தின் நடுவில் கிடந்தால், சிறிய வேலையோடு வருகிற தனி மாணவர் வாசலில் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விடுவார். அணிகளுக்குத் தரையில் மஞ்சள் கோடு போட்டு அளந்த இடம் கொடுங்கள். காலி செய்ய வேண்டிய தேதியைச் சுவரில் எழுதுங்கள். அந்தத் தேதியை நீட்டிக்கும் அதிகாரம் ஆசிரியர்களும் அணியில் இல்லாத மாணவர்களும் சேர்ந்த குழுவிடம் இருக்கட்டும். முதல்வரிடம் நேரே போய் அனுமதி வாங்கும் வழியை முதல்வரே மூடிவிட வேண்டும்.

பொறுப்பாளரைத் தேர்ந்தெடுக்க அவகாசம் வேண்டும் என்றால், அதுவரை கூடத்தைச் சும்மா வைத்திருக்க வேண்டாம். கோயம்புத்தூரில் பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரி 1951-இல் தொடங்கியபோது, 1926 முதல் நடந்துவந்த பி.எஸ்.ஜி. தொழிற்பயிற்சி நிலையமும் அதன் உற்பத்திப் பட்டறையும் பக்கத்திலேயே இருந்தன. நடந்துகொண்டிருந்த வேலைக்கு அருகில் படிப்பு வந்து சேர்ந்தது. அந்த வரிசையைச் சிறிய அளவில் நீங்களும் பின்பற்றலாம். இந்தப் பருவத்திலேயே ஒரு மாதம், இருக்கிற கூடத்தைக் கழுவி, பத்து மேசை, மின்விசிறி, போதுமான பிளக் பாயின்ட், குடிநீர், ஒரு கருவிப் பலகை ஆகியவற்றை மட்டும் வைத்து, பகல் முழுவதும் திறந்து வையுங்கள். இரண்டு ஆய்வக உதவியாளர்கள் மாறி மாறி இருக்கட்டும். தொலைகிற கருவிக்கு அவர்கள் பொறுப்பில்லை என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள். வாசலில் ஒரு நோட்டை வைத்து, வந்தவர் ஆணா பெண்ணா, நான்கரை மணிப் பேருந்தில் போகிறவரா, எந்தத் துறை, எத்தனை மணிக்கு வந்தார், என்ன செய்ய வந்தார், எது கிடைக்காமல் திரும்பினார் என்ற ஆறை மட்டும் எழுதச் சொல்லுங்கள். மாத முடிவில் அந்த நோட்டில் எது கிடைக்காமல் திரும்பினார் என்ற கடைசி நிரலைக் கூட்டிப் பார்த்துவிட்டு, கொள்முதல் பட்டியலை அதிலிருந்து எழுதத் தொடங்குங்கள். வந்தவர்களில் பெண்கள் எத்தனை பேர், நான்கரை மணிப் பேருந்தில் போகிறவர்கள் எத்தனை பேர் என்று பிரித்து எழுதிய எண்ணிக்கையோடு மீண்டும் இங்கே கேட்டால், இயந்திரங்களைப் பற்றி இதைவிடத் துல்லியமாகச் சொல்ல என்னால் முடியும்.